வெத்தலை மறைக்கிற இடத்தில் வெட்டணும்

நான் மாரீஸ்வரனுக்குத் தரவேண்டியது மூவாயிரத்து ஐநூற்றி ஒரு ரூபாய். கைமாத்தும் இல்லை, வட்டிக்கு வாங்கினதும் இல்லை. மொய். ஆறு வருசத்துக்கு முன்னால என் மகள் கல்யாணத்துல அவன் செஞ்சது. அப்போ ஒரு மூட்டை கரி சுமந்து லாரியில ஏத்தினா இருபது ரூபாய் கூலி. அந்தப் பணத்துக்கு அவன் எத்தனை மூட்டை சுமந்திருப்பான்னு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டு முடிச்சதும் என் முதுகு வலிச்சது.

மத்தக் கடனை கையில காசு வந்த அன்னைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடலாம். மொய்யை அப்படிக் கொடுக்க முடியாது. அவன் வீட்டுல ஒரு விசேஷம் வரணும். பந்தல்ல மொய் எழுதுற மேசைக்கு முன்னால நின்னு, பேரைச் சொல்லி, வாங்கினதுக்கு மேல கொஞ்சம் வச்சுச் செய்யணும். விசேஷம் இல்லாம நேரா கையில கொடுத்தா, ‘உன் உறவே வேண்டாம், கணக்கை முடிச்சுக்கோ’ன்னு சொன்ன மாதிரி ஆயிரும்.

மாரி வீட்டுல விசேஷத்துக்கு எங்க போறது? கல்யாணம் கட்டலை. அய்யா, ஆத்தா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. ஐம்பத்தோரு வயசு, ஒத்தை ஆளு. ஆனா ஊர்ல யார் வீட்டுச் சடங்கு, காதுகுத்து, கல்யாணமா இருந்தாலும் மொய் நோட்டுல முதல் பக்கத்துல அவன் பேர் இருக்கும். முப்பது வருசமா இப்படி. எங்க ஊர்ல அவனுக்குப் பாக்கி இல்லாத வீடே கிடையாது. யாராலயும் திருப்ப முடியலை.

நாங்க ரெண்டு பேரும் கரிமூட்டத்துல வேலை பார்க்கிறவங்க. சீமைக்கருவேலத்தை வெட்டி, நுனியையும் சொத்தையையும் கழிச்சு, கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி உள்ளே தீ வைப்போம். பத்துப் பன்னிரண்டு நாள் புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். அத்தனை நாளும் ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும். எங்கயாவது மண் விரிஞ்சு காத்து புகுந்துட்டா கட்டை கரியாகாது, சாம்பலாயிரும். உடம்பு அசந்து கிடக்கும், கண்ணு மட்டும் முழிச்சிருக்கணும். அப்படி உட்கார்ந்த நேரத்துலதான் நான் ரெண்டு விசயம் கத்துக்கிட்டேன். நாற்பத்தஞ்சு வயசுல எழுத்து. ஐம்பதுல வீடியோ வெட்டறது.

எழுத்துக்காவது வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்துல சாயந்தரம் வகுப்பு வச்சாங்க, அங்க படிச்சதை மூட்டத்துப் பக்கத்து மண்ணுல குச்சியால எழுதிப் பழகினேன். வீடியோவுக்கு யாரும் இல்லை. நானாத் தடவித் தடவிக் கண்டுபிடிச்சது. படத்தைத் தொட்டா அதைச் சுத்தி ஒரு வெள்ளைக் கட்டம் வரும். கட்டத்துக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி ஒண்ணு இருக்கும். இந்தக் காதைப் பிடிச்சு உள்ளே தள்ளினா முன்னால இருக்கிற வேண்டாதது போயிரும், அந்தக் காதைத் தள்ளினா பின்னால இருக்கிறது போயிரும். நடுவுல வெட்டணும்னா கத்தரிக்கோல் படம். தப்பா வெட்டிட்டா வளைஞ்ச அம்புக்குறியைத் தொட்டாப் போதும், வெட்டினது ஒட்டிக்கும். மரம் வெட்டுறவனுக்கு இதைவிட ஆச்சரியம் என்ன வேணும்? முப்பத்தஞ்சு வருசமா வெட்டுறேன், வெட்டின ஒரு மரமும் திரும்பி நின்னதில்லை.

என் போன்ல ஒரு குறை உண்டு. போன வருசம் மூட்டம் பிரிக்கிறப்போ சட்டைப்பையிலிருந்து நழுவிச் சூட்டுக் கரியில விழுந்துச்சு. போன் பிழைச்சிருச்சு. பின்பக்கக் கேமராவோட கண்ணாடி மட்டும் வெந்து, கண்ணுல பூ விழுந்த மாதிரி வெள்ளையாப் போச்சு. முன்பக்கக் கேமரா நல்லாயிருந்தது. அதனால எதை எடுத்தாலும் போனைத் திருப்பிப் பிடிச்சுத்தான் எடுப்பேன். திரை எதிர்ல இருக்கிறவங்க பக்கம் இருக்கும், என்ன பதியுதுன்னு எனக்குத் தெரியாது. நான் எடுத்ததெல்லாம் ஆடு, புகை, கொக்கு. அதுகளுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலை.

ஆனி மாசக் கடைசி. ஒரு திங்கக்கிழமை காலையில மூட்டத்துல புகை மெலிசா வெள்ளையாப் போய்க்கிட்டிருந்தது. மாரி வந்து பக்கத்துல குத்தவச்சான். குளிச்சு, தலை சீவி, கழுத்துல பவுடர் போட்டிருந்தான். கரி வேலைக்குப் பவுடர் போட்டு வந்த ஆளை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

“மச்சான், ஒரு விசயம்.”

“கடன் கேக்குறதா இருந்தா மூட்டம் பிரிச்ச பெறகு கேளு மாப்ள.”

“கல்யாணம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்யா.”

நான் மூட்டத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு அவனைப் பார்த்தேன். தரையில கிடந்த ஓட்டாஞ்சில்லை எடுத்துத் தேய்ச்சுக்கிட்டே சொன்னான். பொண்ணு பேரு துர்காதேவி. கடலோர ஊரு மண்டபத்துல நண்டுக் கம்பெனியில சதை பிரிக்கிற வேலை. புருசன் கடலோட போயி பத்து வருசம் ஆச்சு. மாரி மாசம் ரெண்டு தடவை அங்கன ஒரு புரோட்டாக் கடைக்குக் கரி கொண்டுபோவான். அந்தக் கடைக்கு எதிர்ல இருக்கிற டீக்கடை பெஞ்சுல ரெண்டு வருசமாப் பேசியிருக்காங்க.

“ரெண்டு வருசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“உங்கிட்ட சொன்னா வீடியோ எடுத்துப் போட்டுருவ.”

அதுவும் நெசந்தான்.

“அடுத்த வியாழக்கிழமை ஆடி பிறக்குது. வார ஞாயித்துக்கிழமைதான் கடைசி முகூர்த்தம்” என்றான். “தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நிக்கிற நவபாசாண நவகிரகத்தைக் கும்பிட்டு, கரையில மாலை மாத்திக்கிட்டு வந்துருவோம். நீயும் அக்காவும் வந்தாப் போதும்.”

“அப்ப என் மொய்?”

“அது கிடக்கு விடு.”

“உனக்கு விசேஷம் வேணாம்னா இரு. எனக்கு வேணும். மூவாயிரத்து ஐநூற்றி ஒண்ணை இன்னும் எத்தனை வருசம் சுமக்கச் சொல்ற?”

மாரி கையில இருந்த சில்லைத் தூக்கி எறிஞ்சான். அப்புறம்தான் உள்ளதைச் சொன்னான்.

“மச்சான், அவுக அண்ணன் பூமிநாதன் வேன் வச்சு நாப்பது பேரோட வாரேங்கிறாரு. ‘மாப்பிள்ளைக்குச் சனம் இருக்கா’ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டாரு. நான் பத்திரிகை அடிக்கலை, வெத்தலை வச்சு ஒரு ஆளை அழைக்கலை. ஆறே நாள் கிடக்கு. பந்தலைப் போட்டு ஒருத்தரும் வரலைன்னா துர்கா முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது? அதுக்குத் தேவிபட்டினமே மேல். அங்கன கடலாவது இருக்கும்.”

மூட்டத்தை விட்டு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நகர முடியாது. எங்க சனமோ பன்னிரண்டு ஊர்ல சிதறிக் கிடக்கு. மத்தியானம் சோத்துத் தூக்கோட வந்த என் பொஞ்சாதி கருத்தம்மாள்கிட்டே சொன்னேன். அவள் முதல்ல மாரியைப் பார்த்து அழுதாள், அப்புறம் சிரிச்சாள், அப்புறம் திட்டினாள்.

“போன்ல எல்லாரையும் கூப்பிட்டுருவோம்” என்றேன்.

“வெத்தலை வைக்காம போன்ல கூப்பிட்டா யாருய்யா வருவா? நாளைக்கு ‘முறையா அழைக்கலை’ன்னு பேச்சு வரும்.”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?”

“அந்தக் கருமம் பிடிச்ச போன்லயே வெத்தலையை வையி.”

அவள் எரிச்சல்ல சொன்னது. எனக்கு அது பிடிச்சுக்கிச்சு.

ஊர்ல ஒவ்வொருத்தரும் வெத்தலை பாக்கை நீட்டி ‘வாங்க’ன்னு சொல்லணும். அத்தனையையும் ஒட்டி ஒரே வீடியோவா ஆக்கணும். அதை அவங்கவங்க தங்கள் ஸ்டேட்டஸ்ல போட்டா, அவங்கவங்க சனத்துக்கு அவங்களே வந்து அழைச்ச மாதிரி. ஸ்டேட்டஸ்னா ஒரு நிமிசம்தான் கணக்கு. அதுக்கு மேல போனா துண்டாகும். துண்டான அழைப்பு நல்லா இருக்காது.

செவ்வாய்க்கிழமை மாரியை மூட்டத்துக்குக் காவல் வச்சுட்டு நான் போனோடயும் கருத்தம்மாள் வெத்தலையோடயும் கிளம்பினோம். முதல் வீடு வீரலட்சுமி. அவள் குரலுக்கு எங்க ஊர்ல மைக் செட்டே வேண்டாம்.

“மாரிக்குக் கல்யாணமா? அப்ப எங்க வீட்டுக் கெடாவுக்கும் ஒரு பொண்ணு பாருங்கய்யா. அதுக்கும் தாடி நரைச்சுப்போச்சு.”

“சரி தாயி, பார்ப்போம். இப்ப இதைப் பார்த்து ‘வாங்க’ன்னு சொல்லு.”

“இந்தச் சேலையோடயா? இரு, மாத்திட்டு வாரேன்.”

இருபது நிமிசம் ஆச்சு. திரை அவங்க பக்கம் இருந்ததால ஒவ்வொருத்தரும் கண்ணாடி பார்க்கிற மாதிரி தலையைச் சரிபண்ணிக்கிட்டாங்க. ஒருத்தர் பல்லைப் பார்த்தார். ஒருத்தர் மீசையை முறுக்கினதுல நாலு நிமிசம் போச்சு. தையல்கடை ருக்ஸானா அக்கா கடை வாசல்ல போர்டுக்குக் கீழே நின்னு, “இன்ஷா அல்லாஹ் எல்லாரும் வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்”ன்னு முழுசாச் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் கருத்தம்மாள் ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “வலது கை, வலது கை.” எங்க ஊர்ல அதைச் சொல்லவே வேண்டாம். தூக்கத்துல எழுப்பி வெத்தலையைக் கொடுத்தாலும் வலது கையாலதான் நீட்டுவாங்க.

ஒரே வெத்தலைதான் அத்தனை கைக்கும் போச்சு. பதினெட்டாவது ஆள்கிட்டே வாடித் தொங்கிருச்சு. தண்ணி தெளிச்சு நிமிர்த்தினோம். இருபத்திமூணு பேர் முடிஞ்சதும் கருத்தம்மாள் அதை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாள். “ஊரே தொட்ட வெத்தலை” என்றாள். ருசி எப்படின்னு நான் கேக்கலை.

மொத்தம் நாற்பத்தோரு நிமிசம் பதிவாகியிருந்தது. அதை ஒரு நிமிசமாக் கழிக்கணும்.

புதன்கிழமை விடிஞ்சதும் மூட்டத்துப் பக்கத்துல வேப்பமரத்து நிழல்ல உட்கார்ந்தேன். முதல்ல மரம் வெட்டுற கணக்குலயே வெட்டினேன். நுனியைக் கழி, அடியைக் கழி, நடுக்கட்டையை வையி. சேலையைச் சரிபண்ணுறது போச்சு, மீசை போச்சு, ‘ஆரம்பிக்கட்டுமா’ போச்சு. ஆளுக்கு ரெண்டு விநாடி மிஞ்சுச்சு. ஆனா ஒட்டிப் பார்த்தா நல்லாயில்லை. ஒரு முகம் பாதி வாயோட நிக்க, அடுத்த முகம் எட்டிக் குதிச்சது. பஸ்ல பிரேக் போட்ட மாதிரி ஒவ்வொரு வெட்டுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

பத்துத் தடவை பார்த்திருப்பேன். அப்போதான் வெத்தலையைக் கவனிச்சேன். எல்லாரும் கையை நேரா கேமராவைப் பார்த்து நீட்டுறாங்க. ஒரு நொடி வெத்தலை மொத்தத் திரையையும் மூடிருது. பச்சை, பச்சை மட்டும். வெட்டவேண்டிய இடம் அதுதான்! வீரலட்சுமி வெத்தலையை நீட்டுறாள், திரை பச்சையாகுது, அந்தப் பச்சையில வெட்டு. அடுத்த ஆள் வெத்தலையைத் திரையிலிருந்து பின்னால இழுக்கிற இடத்துல ஒட்டு. இப்போ ஓட்டிப் பார்த்தேன். ஒரே வெத்தலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, அந்தக் கையிலிருந்து அடுத்த கைக்குன்னு ஊரைச் சுத்தி வந்தது. வெட்டின தடமே தெரியலை.

“மாப்ள! மாப்ள! இங்கன வா!”

மூட்டம்தான் பிடிச்சுக்கிச்சோன்னு மாரி தண்ணிக் குடத்தோட ஓடி வந்தான். பார்த்தான். குடத்தை இறக்கி வைக்காமலே மறுபடி பார்த்தான்.

“இவ்வளவு பேரா எனக்கு வாங்கன்னு சொன்னாக?”

“எடுத்தது நாற்பத்தோரு நிமிசம். நீ பார்க்கிறது சுண்ட வச்சது.”

இருபத்திமூணு பேருக்கு நாற்பத்தாறு விநாடி. மிச்சம் பதினாலு. அதுல பேரும் நாளும் நேரமும் எழுதினேன். பதினாலு எதுக்குன்னு மாரி கேட்டான். நான் ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தேன், எனக்குச் சரியாப் பதினாலு ஆச்சு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அவ்வளவு நேரம் வேணும். எழுத்து ஓடிப்போயிருச்சுன்னா அப்புறம் என்ன அழைப்பு?

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. ருக்ஸானா அக்கா நிக்கிற இடத்துல தலைக்கு மேல போர்டு தெரியுது. அதை வாசிக்கப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூடப் பிடிபடலை. ஏதோ நமக்கு இன்னும் வராத எழுத்துபோலன்னு விட்டுட்டேன். படிக்க ஆரம்பிச்சு எட்டு வருசம் ஆகியும் புரியாத எழுத்தைப் பார்த்தா குறை என்னுதுன்னுதான் எனக்கு முதல்ல தோணும்.

பத்து மணிக்கு எல்லாருக்கும் அனுப்பினேன். இருபத்திமூணு பேரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க. மாரி துர்காதேவிக்கு அனுப்பினான். ஒரு மணி நேரம் நானும் அவனும் ஊர் உலகத்தை ஜெயிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பன்னிரண்டு மணிக்கு பூமிநாதன் போன் பண்ணினார். மாரி ‘மச்சான்கிட்டே கேளுங்க’ன்னு என் கையில கொடுத்தான்.

“அண்ணே, நீங்கதான் வீடியோ போட்டதா?”

“ஆமாய்யா. பிடிச்சிருக்கா?”

“எங்க பக்கம் எழவு வீட்டுக்குக்கூட இடது கையால வெத்தலை நீட்டமாட்டாக. என் தங்கச்சிக்கு ரெண்டாங் கல்யாணம்னு இளக்காரமா? இருபத்திமூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி இடது கையை நீட்டுறாக! வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன்னு பார்க்கிறேன். இல்லைன்னா இப்பவே வேண்டாம்னு சொல்லிருவேன்.”

வச்சுட்டார். நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவையா கையைப் பார்த்தேன். அதுவரைக்கும் நான் வெத்தலையைத்தான் பார்த்திருந்தேன். அத்தனை பேரும் இடது கை!

மாரி ஒண்ணும் கோபப்படலை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. “விடு மச்சான். நான்தான் சொன்னேன்ல, எனக்கு இதெல்லாம் ஒத்து வராது” என்றான். அன்னைக்கும் போட்டிருந்த கழுத்துப் பவுடரைத் துண்டால துடைச்சுட்டு மூட்டத்துக்கு மண் அணைக்கப் போயிட்டான்.

ரெண்டு மணிக்குள்ள ஊர்ல பாதி என்னைத் தேடி வந்துருச்சு. அவங்கவங்க சனம் அவங்களைப் போன்ல காய்ச்சி எடுத்திருக்கு. பிள்ளைகள் யாராவது ஊர்ல இருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க. எல்லாம் திருப்பூர்ல, சிங்கப்பூர்ல.

முன்னால நின்னது வீரலட்சுமி.

“ஏய்யா கூத்தையா! நான் இடது கையாலயா குடுத்தேன்?”

“வீடியோவுல அப்படித்தான் இருக்கு தாயி.”

“வீடியோவைத் தூக்கிக் குப்பையில போடு. எனக்கு இடது தோள் இறங்கி ஆறு மாசமாச்சு. சோத்துப் பானையைக்கூட ஒத்தைக் கையாலதான் இறக்குறேன். இந்தா பாரு!” இடது கையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்புக்கு மேல வரலை. “இந்தக் கையை எப்படிய்யா உன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன்?”

நான் வீடியோவைப் பார்த்தேன். அதுல அவள் அந்தக் கையை ஜம்முன்னு நீட்டிக்கிட்டு நிக்கிறாள்.

சிரிக்கிறதா பயப்படறதான்னு தெரியலை. அப்போதான் அந்தப் போர்டு ஞாபகம் வந்தது. எழுந்திரிச்சு நேரா தையல்கடைக்கு நடந்தேன். கூட்டமும் பின்னாலயே வந்தது. கடை வாசல்ல நின்னு அண்ணாந்து போர்டைப் பார்த்தேன். ‘ருக்ஸானா லேடீஸ் டைலர்’. ஒரு மூச்சுல வாசிச்சேன். மறுபடி வாசிச்சேன். போனைப் பார்த்தேன், வரலை. போர்டைப் பார்த்தேன், வந்தது.

உள்ளே தையல் மிஷினை நிறுத்திட்டு ருக்ஸானா அக்கா எட்டிப் பார்த்தாங்க. “என்ன கூத்தையா, என் போர்டை நாலு தடவை வாசிக்கிறீங்க? எழுத்து ஏதும் போயிருச்சா?”

“அக்கா, நான் வாசிக்கிறேன்ல? சரியாத்தானே வாசிக்கிறேன்?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசிக்கிறீங்க.”

“அப்ப குறை என்னுது இல்லை” என்றேன். “போன்தான் தப்பா எழுதியிருக்கு.”

அவங்க கடைக்குள்ள ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு உண்டு, ரவிக்கை போட்டுப் பார்க்க வச்சது. அதுல எதிர்ல இருக்கிற நாள்காட்டியோட எழுத்து தெரிஞ்சது. அதுவும் அதே மாதிரி வாசிக்க வரலை. போனைக் கண்ணாடிக்கு முன்னால பிடிச்சேன். கண்ணாடிக்குள்ள ஓடின வீடியோவுல போர்டு சரியா ‘ருக்ஸானா லேடீஸ் டைலர்’னு இருந்துச்சு. வீரலட்சுமி வலது கையை நீட்டினாள். அடுத்த ஆள் வலது கை. இருபத்திமூணும் வலது கை.

கடை வாசல்ல ஒரே கூச்சல். “நான் சொல்லலை?” “என் கை என் கைதான்!” ஆளாளுக்கு வலது கையைத் தூக்கிக் காட்டினாங்க. ஓட்டுப் போட வந்த மாதிரி நின்னாங்க. திரை பக்கத்துக் கேமராவுல எடுத்தா கண்ணாடிப் பிம்பம் அப்படியே பதிஞ்சிருது. கொக்குக்கு எந்தக் கால் வலதுன்னு யார் பார்த்தா? மனுசன் கையிலதான் மாட்டிக்கிட்டேன்.

சரிபண்ற பொத்தானைத் தேடினேன். நடுவுல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு ரெண்டு முக்கோணம். அதைத் தொட்டதும் எல்லாம் புரண்டு படுத்துச்சு. கைகள் வலதாச்சு, போர்டு நேராச்சு. நான் கை தட்டுறதுக்குள்ள கடைசிப் பதினாலு விநாடி வந்தது. மாரி பேரும் துர்காதேவி பேரும் இப்போ தலைமாறிக் கிடந்துச்சு. என் எழுத்தும் சேர்ந்து புரண்டிருக்கு!

“விடுங்க, வேலை புரிஞ்சுபோச்சு” என்றேன். காதைப் பிடிச்சு அந்த வாலை வெட்டி எறிஞ்சுட்டு, தையல் மிஷின் பக்கத்துல உட்கார்ந்து பேர், நாள், நேரம் எல்லாத்தையும் மறுபடி எழுதினேன். கூட்டம் முழுக்க என் தோளுக்கு மேல நின்னு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சது. பதினாலு விநாடிதான் வச்சேன். குறைக்கலை.

புது வீடியோ தயாராகிறதைக் காட்டுற வெள்ளைக் கோடு முழுசா வரட்டும்னு இருக்காம அங்கயிருந்தே பூமிநாதனுக்குப் போன் போட்டேன்.

“ஐயா, வீட்டுல கண்ணாடி இருக்கா?”

“எதுக்கு, என் மூஞ்சியைப் பார்க்கச் சொல்றீகளா?”

“உங்க மூஞ்சியை இல்லை. காலையில வந்த வீடியோவைக் கண்ணாடி முன்னால காட்டுங்க. எங்க ஊர்க்காரங்க எந்தக் கையை நீட்டுறாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க.”

பாத்திரம் உருளுற சத்தம் கேட்டது, யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “அடப் பாவிகளா!” அதுக்கப்புறம் ஒரே சிரிப்பு. “ஏ துர்கா! இங்கன ஓடி வா! கண்ணாடிக்குள்ள பாரு!” தூரத்துல ஒரு பொம்பளைக் குரல் சிரிக்கிறது கேட்டது. போனை அப்படியே பிடிச்சுக்கிட்டு மூட்டத்துக்கு நடந்துபோய் மாரி காதுல வச்சேன். கையெல்லாம் மண்ணா இருந்ததால அவன் வாங்கலை, நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவள் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தான்.

புது வீடியோ சாயந்தரமே போச்சு. ஆனா பழைய இடதுகை வீடியோ அதைவிட வேகமாப் போயிருந்தது. ‘கண்ணாடியில பார்த்தா சரியாகுமாம்’னு பன்னிரண்டு ஊர்லயும் ஆளாளுக்குப் போனைக் கண்ணாடியில காட்டிக்கிட்டிருந்தாங்களாம். இடது கை அழைப்பைத் திட்டினவன், வலது கை அழைப்பைப் பார்த்தவன், ரெண்டையும் பார்க்காம கதையை மட்டும் கேட்டவன் எல்லாருக்கும் கல்யாணம் எந்த நாள், எந்த நேரம்னு மனப்பாடம்.

ஞாயித்துக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால பந்தல். நூத்தம்பது பேருக்கு உலை வச்சோம். எட்டரை மணிக்கே சமையல்காரர் வந்து, “கூத்தையா, இன்னொரு மூட்டை அரிசி அவிழ்க்கணும்” என்றார். ஒன்பதரைக்கு மறுபடி வந்தார், இந்தத் தடவை கும்பிட்டுக்கிட்டே. பொண்ணு வீட்டு வேன் வந்து நின்னப்போ பூமிநாதனுக்குக் காலை வைக்க இடமில்லை. கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணே, மாப்பிள்ளைக்குச் சனம் இருக்கான்னு கேட்டது நான்தான். இப்ப என் சனத்தை எங்க உட்கார வைக்க?”

துர்காதேவி நீலப் பட்டுக் கட்டியிருந்தாங்க. தாலி கட்டுறப்போ மாரி அவசரத்துல முடிச்சை நழுவ விட்டான். “மெதுவா, நான் எங்கயும் போகலை” என்று அவங்க சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. வீரலட்சுமி அதை ஊருக்கே திருப்பிச் சொன்னாள்.

மொய் எழுதுற மேசைக்கு முன்னால வரிசை கோயிலைச் சுத்திப் போயிருச்சு. முப்பது வருசமாத் திருப்ப முடியாம கிடந்த மொய். மேசையில மைக் வச்சுப் பேரைச் சொல்லிச் சொல்லி எழுதினவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பூமிநாதன் முறை வந்ததும் ரூபாயைப் பிடிச்ச கையைத் தலைக்கு மேல தூக்கினார். “எல்லாரும் நல்லாப் பாருங்க! இது வலது கை!” பந்தலே சிரிச்சது. அவருக்குப் பின்னால வந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் கொடுத்தாங்க. மாலையோட நின்ன மாரி யாரைப் பார்க்கிறதுன்னு தெரியாம வரிசையோட ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தான்.

நான் வரிசையில கடைசி ஆள். அதுவரைக்கும் வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். போனைக் கருத்தம்மாள் கையில கொடுத்துட்டு மடியிலிருந்து ரூபாயை எடுத்தேன். அரிசிப் பானைக்குள்ள வருசக்கணக்கா இருந்த ரூபாய், தவிட்டு வாசம் அடிச்சது.

“கூத்தையா. நாலாயிரத்து ஒண்ணு.”

அவர் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ன எனக்கு நோட்டு தலைகீழா இருந்தது. இருந்தாலும் வாசிச்சேன். கூத்தையா, நாலாயிரத்து ஒண்ணு.

மைக்குல கேட்டு மாரி அங்கிருந்தே கத்தினான். “மச்சான்! ஐநூறு கூட வச்சுட்டியே!”

“வாங்கினதுக்கு மேல வைக்காட்டி அது மொய்யா மாப்ள? என் பேத்திக்குத் தையில காதுகுத்து. ரெண்டு பேரா வந்து திருப்பிச் செய்யுங்க.”

துர்காதேவி தலையை ஆட்டினாங்க. மூவாயிரத்து ஐநூற்றி ஒண்ணு தீர்ந்தது. முதுகை நிமிர்த்திக்கிட்டு மூணாவது பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். வலது கையால சாப்பிட்டேன்.